ஐஸ் கம்பெனியில ஏழாவது ஓட்டு

“கமர்ஷியல்” என்கிற வார்த்தையை யாராவது என் காதுபடச் சொன்னா, இன்னைக்கும் எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும். அந்த ஒரு வார்த்தையை வெச்சுக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் முழுக்க என்னை உப்புக்கண்டம் போட்டாங்க ஆறு பேரு. ஆறு பேரும் என் கூட்டாளிங்கதான். அவங்க கிழிச்சுத் தொங்கவிட்ட பாட்டை எழுதினது நான்னு அவங்களுக்குத் தெரியாது. நடுவுல நான் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். என்னைத் தெரிஞ்சவங்க இதை நம்ப மாட்டாங்க. நான் வாயை மூடி உக்கார்ற ஆளே கிடையாது.

சுனாமிக்கு அப்புறம் ரெண்டு வருஷம் போயிருக்கும். நான் பி.காம் ரெண்டாம் வருஷம். எங்க ஊரு காரைக்கால்மேடு. எங்கண்ணன் பாலிடெக்னிக் முடிச்சிட்டு ஐஸ் கம்பெனியில மிஷின் பார்த்துக்கிட்டிருந்தான். பகல்ல மிஷின், மிச்ச நேரம் டிரம். கூட மூணு பேரு. கிடார் ரெண்டு பேரும் டவுன் பசங்க. பாடுறவன் சுரக்குடி, விவசாயக் குடும்பம். பாடுறவன்னு ஒரு பேச்சுக்குச் சொல்றேன், அவன் அடித்தொண்டையில உறுமுவான். மொத தடவை அவன் உறுமினதை எங்க வீட்டு வாசல்ல நின்னு கேட்ட அம்மா, “பாவம்டி அந்தத் தம்பி, சுக்குக் கஷாயம் போட்டுக் குடு”ன்னுச்சு.

இடி மாதிரி டிரம்மும் உறுமலுமா இருக்கிற மெட்டல் பாட்டுன்னா எங்க ஊருல அப்ப ஒருத்தருக்கும் தெரியாது. அவங்க வாசிக்கிறதுக்கு எங்கயும் இடம் கிடைக்கல. வீட்டு மாடியில வாசிச்சா தெருவே கூடிச் சண்டைக்கு வந்துச்சு. கடைசியில ஐஸ் கம்பெனிதான் கை குடுத்துச்சு. ஐஸ் உடைக்கிற மிஷின் ஓடுற இடத்துல டிரம் அடிச்சா எவனுக்குக் கேக்கும்? அங்கதான் அவங்க பாட்டெல்லாம் பொறந்துச்சு. எல்லாம் இங்கிலீஷ், ஒவ்வொண்ணும் எட்டு நிமிஷம், பத்து நிமிஷம். என்ன சொல்றாங்கன்னு பாடினவனுக்கே சந்தேகம்தான். ஆனா அந்தச் சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கும். எனக்கு அது வேணும்னு இருந்துச்சு. அலை வந்து போனதுக்கப்புறம் ஊருல எல்லாரும் மெதுவாப் பேச ஆரம்பிச்சிட்டாங்க. எனக்கு யாராவது கத்தினாத் தேவலைன்னு இருந்துச்சு.

ரசிகருங்க நாங்க ஏழு பேரு. ஏழுன்னா சரியா ஏழுதான். ஒரு காலேஜ் விழாவுல பேண்டு மேடை ஏறி ரெண்டாவது நிமிஷத்துல கூட்டம் ஊளையிட ஆரம்பிச்சுது. யாரோ மைக்கை ஆஃப் பண்ணிட்டாங்க. இவங்க மைக் இல்லாமலே வாசிச்சு முடிச்சாங்க. அவ்வளவு பெரிய பந்தல்ல கடைசி வரைக்கும் எழுந்து நின்னது ஏழு பேரு. அன்னைக்கே பாடுறவன் கீழ இறங்கி வந்து எங்க கையைப் பிடிச்சிக்கிட்டுச் சொன்னான்: “இனிமே எங்களுக்கு நீங்க ஏழு பேருதான் ஊரு. நீங்க வேணாம்னு சொன்னா நாங்க வாசிக்க மாட்டோம்.” அப்ப அது வெறும் பேச்சுன்னு நெனச்சேன். பின்னால அதுவே என் கழுத்துக்குக் கத்தியா வந்துச்சு.

அந்த ஏழு பேருல மூத்தவரு டவுன்ல பிரவுசிங் சென்டர் வெச்சிருந்த அண்ணன். உலகத்துல எந்த மூலையில எவன் உறுமினாலும் அதை ராத்திரியோட ராத்திரியா டவுன்லோடு போட்டு வெச்சிருப்பாரு. அடுத்தவரு ஐஸ் கம்பெனி மேஸ்திரி, கதவைத் தொறந்து விடப்போய் ரசிகரா ஆனவரு. என்கூடப் படிச்ச சிநேகிதி ஒருத்தி. பாலிடெக்னிக் பசங்க ரெண்டு பேரு, ஒருத்தன் கிழக்கேன்னா இன்னொருத்தன் மேற்கேம்பான். அப்புறம் திருவேட்டக்குடிக்காரன். எங்கண்ணனோட படிச்சவன், எங்களை மாதிரியே கடல்ல பொழைக்கிற வீடு. மத்தவங்க எல்லாம் என்னைத் தங்கச்சிம்பாங்க, அவன் மட்டும் “ஏ புள்ள”ம்பான். பேச்சு கம்மி. பாட்டைப் பத்திப் பேசினா மட்டும் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு. அவன் நல்லா இருக்குன்னு சொல்லிட்டா எங்கண்ணன் அன்னைக்கு ரெண்டு தட்டு சோறு சேர்த்துத் திங்கும். நானும் வெளியில காட்டிக்கிட்டதில்லையே தவிர, அவன் வாயிலேருந்து வர்ற ஒரு “நல்லா இருக்கு”க்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்.

எங்கம்மாவைப் பத்திச் சொல்லலைன்னா மிச்சக் கதை விளங்காது. எங்கம்மா கரையில மீன் ஏலம் கூறும். படகு வந்து மீனை மணல்ல கொட்டினதும் சுத்தி வியாபாரிங்க நிப்பாங்க, அம்மா நடுவுல நின்னு விலையைக் கூவி ஏத்தும். அது தொண்டைக்கு மைக்கே வேணாம். ஆனா எங்கப்பா படகு வந்தா மட்டும் அம்மா கூறாது. வேற ஆளுதான் கூறணும். சொந்தப் படகு மீனுக்குச் சொந்த வாய் கிடையாது, எங்க கரையில அது வழக்கம். அந்த நேரத்துல அம்மா ஓரமா போய்க் கையைக் கட்டிக்கிட்டு, மூஞ்சியைக் கடல் பக்கமாத் திருப்பிக்கும். ஒரு தடவை வெளியூர் வியாபாரி ஒருத்தரு விவரம் தெரியாம, “ஏம்மா, வஞ்சிரம் நேத்து மீனா, இன்னைக்கு மீனா?”ன்னு அம்மாகிட்டயே கேட்டுட்டாரு. அன்னைக்கு விடியக்காலையில பிடிச்ச மீனு, கண்ணு பளபளன்னு இருக்கு. அம்மா ஒரு வார்த்தை பேசல, கடலையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. அவரு என்னமோ ஏதோன்னு விலையைக் குறைச்சுக் கேட்டாரு. குறைஞ்சே போச்சு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அதனாலதான் காக்கையை ஏலம் கூற விடுறதில்ல.

பாட்டு எழுதினது தற்செயல்தான். என் நோட்டுப் புத்தகத்துப் பின்பக்கத்துல எதையாவது கிறுக்கி வெப்பேன். அண்ணன் அதைப் பார்த்துட்டுக் கிழிச்சிக்கிட்டுப் போயிட்டான். எங்க வீட்டுல அம்மா நாளைக்குப் பத்து தடவை “வாயைக் கட்டி வயித்தைக் கட்டி”ன்னு சொல்லும். அதையே எடுத்து,

“வாயைக் கட்டு, வயித்தைக் கட்டு,
கடலைக் கட்டக் கயிறு ஏது?”

அப்படின்னு எழுதியிருந்தேன். நடுவுல படகை மணல்ல ஏத்தும்போது தோளைக் குடுத்துத் தள்ளுவாங்களே, அந்த ஐலசா. அப்புறம் ரெண்டாவது சரணம்.

“பாட்டுப் பாடுறவன் இதைப் பார்த்துட்டுத் துள்றான்டி, உன் பேரைச் சொல்லட்டுமா?”ன்னான் அண்ணன்.

“என் பேரு வெளியில வந்துச்சு, உன் டிரம் தோலைக் கத்தியால கிழிச்சிடுவேன்”னேன்.

வெட்கம்னு நெனச்சான் அவன். வெட்கமாவது, மண்ணாவது. என் பேரு தெரிஞ்சா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். டிரம்மரோட தங்கச்சி, நம்ம வீட்டுப் புள்ள, பொம்பளப்புள்ள வேற எழுதியிருக்கு, ஆகா ஓகோம்பாங்க. அந்த இரக்க விலை எனக்கு வேணாம். மணல்ல கொட்டின மீனு மாதிரி அது கிடக்கட்டும், போற விலைக்குப் போகட்டும். அவ்வளவு திமிரு எனக்கு. இப்பவும் அந்தத் திமிரைப் பத்தி நான் வருத்தப்படல.

கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டுடியோவுல அதை ரெக்கார்டு பண்ணாங்க. தமிழ்ல பண்ணின மொத பாட்டு. நாலே நிமிஷம். பாடுறவன் உறுமாம, வார்த்தை புரியிற மாதிரிப் பாடினான். புளூடூத்துல ஒரு போனுலேருந்து இன்னொரு போனுக்குத் தாவித் தாவி, பத்து நாள்ல பாட்டு எங்க தெருவுக்கே வந்துடுச்சு. ஆட்டோவுல ஓடுது. மீன் மார்க்கெட்ல ஒருத்தரு போன் அடிச்சா ஐலசாங்குது. எனக்குக் கால் தரையில பாவல. பாலத்து மேல நடந்து போறப்ப எதிர்ல வர்ற ஆட்டோவெல்லாம் என்னைத்தான் கூப்பிடுற மாதிரி இருந்துச்சு. யாருகிட்டயும் சொல்ல முடியாம ஒரு பெருமையைச் சுமந்துக்கிட்டுத் திரியிறது இருக்கே, பிள்ளைத்தாச்சிங்களுக்குத்தான் அது புரியும்.

அப்பதான் எங்க ஊர்ப் பஞ்சாயத்தாருங்க எங்கண்ணனைக் கூப்பிட்டு, வைகாசியில நம்ம அம்மன் கோயில் திருவிழாவுல அந்த ஐலசாப் பாட்டை மேடையில வாசிங்கடான்னு கேட்டாங்க. ஆர்கெஸ்ட்ரா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பாட்டு. காலேஜ்ல மைக்கைப் பிடுங்கின பேண்டுக்கு, சொந்த ஊரு மேடை! அண்ணன் மூஞ்சியில ஆயிரம் வாட்ஸ் பல்பு. ஆனா சேதி தெரிஞ்ச அன்னைக்கே பிரவுசிங் சென்டர் அண்ணன் கொதிச்சிட்டாரு. “கோயில் திருவிழாவுல மெட்டலா? அடுத்து என்ன, காது குத்துக்கா? இவனுங்க கமர்ஷியல் ஆயிட்டானுங்க.” திருவேட்டக்குடிக்காரன் அதுக்கு முன்னாடியே பாட்டைத் தன் போன்லேருந்து அழிச்சிட்டானாம்.

பாடுறவன் சொன்ன சொல் தவறாதவன். “ஏழு பேரும் உக்காந்து பேசுங்க. வேணாம்னு முடிவு பண்ணீங்கன்னா திருவிழாவுல மட்டுமில்ல, எங்கயும் அந்தப் பாட்டை வாசிக்க மாட்டோம்”னுட்டான். வேலியில போறதை எடுத்து வேட்டியில விட்டுக்கிட்ட கதையாப் போச்சு. என் பாட்டு இருக்குமா சாகுமாங்கிறது அந்த ஏழு பேரு கையில. அதுல ஒரு கை என்னுது.

மீன்பிடித் தடைக்காலம் அப்ப. விசைப்படகெல்லாம் கரையில கட்டிக் கிடந்துச்சு, ஐஸுக்குக் கிராக்கி இல்ல. உடைக்கிற மிஷின் நின்னு போய், கம்பெனிக்குள்ள பேசினா எதிரொலி கேட்டுச்சு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு எல்லாரும் வந்துட்டாங்க. பேண்டுக்காரங்க நாலு பேரையும் வெளியில உக்கார வெச்சிட்டோம். உள்ள ஐஸ் பெட்டி மேலயும் கவுத்துப் போட்ட கூடை மேலயுமா ஏழு பேரு. வழக்கமா எங்களுக்குள்ள எந்த நாட்டு பேண்டைப் பத்திச் சண்டை வந்தாலும் தீர்ப்பு நான்தான் சொல்லுவேன், வாய் நீளம்கிறதால. அன்னைக்கும் மேஸ்திரி அண்ணன், “தங்கச்சி, நீ கடைசியாச் சொல்லு”ன்னுட்டாரு.

பிரவுசிங் சென்டர் அண்ணன்தான் ஆரம்பிச்சாரு. “எந்த நாட்டு பேண்டா இருந்தாலும் சரி, மொத பாட்டைப் பசியில பண்றான். ரெண்டாவது பாட்டைப் பேருக்குப் பண்றான். மூணாவது பாட்டை அடுத்தவன் காதுக்குப் பண்றான். நம்ம ஆளுங்க ஒரே தாவா மூணாவதுக்குப் போயிட்டாங்க. வேகம் எங்க போச்சு? உறுமல் எங்க போச்சு?”

“அண்ணே, ரெண்டு வருஷமா நானும் கேக்குறேன், இப்பதான் தம்பி என்ன சொல்றான்னே எனக்குப் புரிஞ்சுது. புரிஞ்சா அது தப்பா?”ன்னாரு மேஸ்திரி.

“புரியிறதுக்கு சினிமாப் பாட்டு இருக்குல்ல.”

என் சிநேகிதிக்கு வந்துச்சே கோபம். “ஆட்டோக்காரரு கேட்டா பாட்டு தீட்டுப்பட்டுடுமா? நாம ஏழு பேரு மட்டும் கேட்டாத்தான் நல்ல பாட்டா? இது என்ன, உங்க வீட்டு ஊறுகாய் ஜாடியா, மூடி மூடி வெக்கிறதுக்கு?”

அவளை அப்படியே கட்டிப் பிடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. பாலிடெக்னிக் பசங்கள்ல ஒருத்தன் அவ பக்கம் சாஞ்சான். உடனே இன்னொருத்தன் எதிர்ப் பக்கம் போயிட்டான், அவனுக்கு அதுக்கு வேற காரணமே வேணாம். தமிழ்ல மெட்டல் பாடினா நாடகம் மாதிரி இருக்குன்னான். தமிழ்ல திட்டினா மட்டும் உனக்கு நல்லா உறைக்குதேன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துடுச்சு. முழுங்கிட்டேன். எங்கம்மா கடலைப் பார்த்துக்கிட்டு நிக்குமே, அந்த மாதிரி நானும் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அம்மாவுக்கு எவ்வளவு பெரிய நெஞ்சு வேணும்னு அன்னைக்குத்தான் எனக்கு விளங்கிச்சு.

திருவேட்டக்குடிக்காரன் விரலை மடக்கிக்கிட்டுச் சொன்னான். “எட்டு நிமிஷம் நாலா ஆயிடுச்சு. ரெண்டு காலாலயும் அடிக்கிற டபுள் பாஸ் ஒரு இடத்துலகூட இல்ல. நடுவுல கை தட்டுறதுக்கு இடம் விட்டிருக்கானுங்க. கை தட்ட இடம் விட்டா அதுக்குப் பேரு ஆர்கெஸ்ட்ரா.”

“கை தட்ட இல்லப்பா, ஐலசாவுக்கு விட்ட இடம் அது”ன்னாரு மேஸ்திரி.

“எதுக்கு விட்டாலும் விட்டதுதான்.” என்னமோ ஒண்ணு அவன் தொண்டையில நிக்குது, அதைச் சொல்லாம நிமிஷக் கணக்கையும் டபுள் பாஸையும் பேசுறான்னு எனக்குத் தோணுச்சு.

கடைசியில கை தூக்கச் சொன்னாங்க. பாட்டு இருக்கணும்னு மேஸ்திரி, என் சிநேகிதி, பாலிடெக்னிக்காரன் ஒருத்தன். வேணாம்னு பிரவுசிங் சென்டர் அண்ணன், திருவேட்டக்குடிக்காரன், பாலிடெக்னிக்காரன் இன்னொருத்தன். மூணுக்கு மூணு. ஆறு தலையும் என் பக்கம் திரும்புச்சு.

கையைத் தூக்குறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? தூக்கியிருந்தா முடிஞ்சிருக்கும். பாட்டு பொழைச்சிருக்கும், ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரிஞ்சிருக்காது. என் பாட்டு ரொம்ப நல்லா இருக்குன்னு நானும் மனசார நம்பினேன், அதுல பொய்யே இல்ல. ஆனா கை மடியை விட்டு எழும்ப மாட்டேங்குது. ஏலம் கூறுறவ வயித்துல பொறந்துட்டு, சொந்தப் படகு மீனுக்கு நான் எப்படி விலை சொல்வேன்? சொன்னா நாளைக்கு எங்கம்மா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?

“நான் ஓட்டுப் போட முடியாது”ன்னேன்.

“ஏன்டி?”ன்னா சிநேகிதி.

“மீனு எங்க படகு மீனு.”

டவுன்காரங்க நாலு பேருக்கும் ஒண்ணும் புரியல, முழிச்சாங்க. மேஸ்திரி மட்டும் “அட”ன்னுட்டுத் தொடையில தட்டிக்கிட்டாரு. திருவேட்டக்குடிக்காரன் சட்டுன்னு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கரையில பொறந்தவனாச்சே, அவனுக்கு விளக்கம் வேண்டியிருக்கல. மத்தவங்களுக்கு மேஸ்திரிதான் எடுத்துச் சொன்னாரு: பாட்டு எழுதினது இந்தப் புள்ளதான், தன் சரக்குக்குத் தானே விலை சொல்லக் கூடாதுன்னு ஒதுங்குது.

உடனே நடந்துச்சு பாருங்க, நான் பயந்தது. வேணாம்னு கை தூக்கின பாலிடெக்னிக்காரன், “அய்யோ தங்கச்சி, நீயா? தெரியாமப் போச்சே! அப்ப நான் மாத்திக்கிறேன், சூப்பர் பாட்டு”ன்னான்.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். “இதுக்குத்தான்டா நான் சொல்லாம இருந்தேன். அரை மணி நேரத்துக்கு முன்னாடி நாடகமா இருந்தது இப்ப சூப்பராயிடுச்சா? உன் ஓட்டு மாறக் கூடாது. போட்டது போட்டதுதான். எனக்கு ஒண்ணும் பிச்சை போட வேணாம்”னு கத்தினேன். காலி கம்பெனியில அது நாலு தடவை திரும்பக் கேட்டுச்சு. அவன் பாவம், சுருங்கிப் போயிட்டான்.

“நான் மாத்திக்கல”ன்னான் திருவேட்டக்குடிக்காரன்.

எல்லாரும் அவனைப் பார்த்தோம். அவன் கீழ பார்த்துக்கிட்டே பேசினான்.

“மொத சரணம் நீ எழுதினதுன்னா, சத்தியமா சொல்றேன் புள்ள, வெளியில உக்காந்திருக்கிற நாலு பேரால அப்படி ஒரு வரி எழுத முடியாது. கடலைக் கட்டக் கயிறு ஏதுன்னு கேட்டப்ப எனக்கு மயிர் கூச்செறிஞ்சுது. ரெண்டாவது சரணம்தான். உலையில போட்ட அரிசி வெந்துச்சு, அலையில போன புள்ள வரலைன்னு எழுதியிருக்கே. எங்க வூட்டுல அன்னைக்கு உலையே வெக்கல. ஞாயித்துக்கிழமை. என்னை இட்லி வாங்கியார அனுப்பினாங்க. தங்கச்சி கெட்டிச் சட்னி தனியாக் கட்டச் சொல்லி விட்டுச்சு. நான் பொட்டலத்தோட வந்து நின்னேன்.”

அவன் வீட்டுல தங்கச்சி போனது எங்களுக்குத் தெரியும். அவன் வாயிலேருந்து அதைக் கேட்டது அன்னைக்குத்தான். மத்தவங்க மாதிரி என்னை ஏன் அவன் தங்கச்சின்னு கூப்பிடலைன்னும் அப்பதான் உறைச்சுது.

“அதையெல்லாம் பாட்டுல எழுதுன்னு நான் சொல்லல. எழுதவும் வேணாம். உலை, அலை, வலைன்னு அடுக்கி ஊரையே அழ வெக்கிறே பாரு, அதுக்குப் பேருதான் எனக்குத் தெரிஞ்ச கமர்ஷியல். மத்ததெல்லாம் நான் சும்மா சொன்னது. டபுள் பாஸ் இல்லாட்டிப் போகுது.”

அந்தச் சரணத்தை எழுதினப்ப எனக்கே தெரியும். கேக்குறவங்க கண்ணு கலங்கும்னு தெரிஞ்சேதான் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வெச்சேன். எங்க வீட்டுல யாரும் போகல. படகு போச்சு, அதுக்குப் பதிலா வேற படகு வந்துச்சு. அடுத்த வீட்டுச் சாவை எடுத்து என் பாட்டுக்குப் பூ வெச்சிருந்தேன். அவன் சொன்னப்ப செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. ஆனா ஒண்ணு, அதே நேரத்துல உள்ளுக்குள்ள ஒரு கர்வமும் எழும்புச்சு, இல்லைன்னு சொன்னா பொய். என் பேரு தெரிஞ்சதுக்கப்புறமும் அவன் விலையைக் கூட்டல, குறைக்கல. மொத சரணத்துக்கு ஒரு விலை, ரெண்டாவதுக்கு ஒரு விலைன்னு நேருக்கு நேரா சொன்னான். அப்படி ஒரு ஏலத்துல என் மீனு நின்னுச்சு. அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?

“ரெண்டாவது சரணத்தை எடுத்துடறேன்”னேன்.

“அப்ப என் கை இந்தப் பக்கம்”னு தூக்கினான்.

நாலுக்கு ரெண்டு. பிரவுசிங் சென்டர் அண்ணன் மட்டும், “நான் மாத்திக்க மாட்டேன்மா, வேகம் கம்மிதான்”னாரு. அவரு மேலயும் எனக்கு மரியாதை கூடிப் போச்சு. வெளியில போய்ச் சொன்னோம். சரணம் போன இடத்துல என்ன வாசிக்கிறதுன்னு கிடார்காரங்க தலையைச் சொறிஞ்சாங்க. “ஒண்ணும் வாசிக்காதீங்க, அண்ணன் மட்டும் டிரம் அடிக்கட்டும்”னேன். எழுதினது யாருன்னு இந்த ஐஸ் கம்பெனியைத் தாண்டக் கூடாதுன்னு பதினோரு பேருகிட்டயும் சத்தியம் வாங்கினேன். எண்ணிப் பார்த்தா நானும் அதுல ஒருத்தி.

திருவிழா அன்னைக்கு சாயங்காலம், விளக்குப் போடுற நேரம். மேடைக்கு எதிர்ல மணல்ல எங்க ஊரே உக்காந்திருந்துச்சு. அதுக்கு நடுவுல கறுப்பு டி-ஷர்ட் ஆறு, பாயசத்துல விழுந்த எறும்பு மாதிரி. எங்கம்மா புதுச் சீலை கட்டிக்கிட்டுப் பொம்பளைங்க வரிசையில நின்னுச்சு, நான் ரெண்டு ஆள் தள்ளி. அம்மாவுக்கு அன்னைக்கு வாய் ஓயல. “அந்த மோளம் இருக்குல்ல, அதெல்லாம் என் மவன்தான் அடிப்பான். ரெண்டு காலாலயும் அடிப்பான்”னு போற வர்றவங்களை எல்லாம் நிறுத்திச் சொல்லிக்கிட்டிருந்துச்சு.

பாட்டு ஆரம்பிச்சுது. “வாயைக் கட்டு, வயித்தைக் கட்டு”ன்னு பாடுறவன் எடுத்ததும் அம்மா பேச்சை நிறுத்திட்டு மேடையைப் பார்த்துச்சு. அப்புறம் ஐலசா வந்துச்சு. எங்க ஆம்பளைங்க சும்மா இருப்பாங்களா? சேர்ந்துக்கிட்டாங்க. ஆனா பேண்டு போற வேகத்துக்கு இல்ல, படகு தள்ளுற வேகத்துக்கு, ஆளை நிறுத்தி, மூச்சு வாங்கி, ஒரே தள்ளா. முந்நூறு தொண்டை. பாடுற சுரக்குடிக்காரன் படகு தள்ளினதில்ல, அவன் வேகமாப் பாடி வெச்சிருந்தான். அண்ணன் ஒரு கணம் திகைச்சான், அப்புறம் டிரம்மை ஊரு வேகத்துக்கு இறக்கினான். கிடாரும் இறங்குச்சு. அவ்வளவு கனமா அந்தப் பாட்டு அதுக்கு முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல. பிரவுசிங் சென்டர் அண்ணன் வாயில ஈ போறது தெரியாம நின்னாரு.

ரெண்டாவது சரணம் இருந்த இடம் வந்துச்சு. டிரம் மட்டும். யாரும் கை தட்டல. எல்லாரும் எதையோ யோசிச்சிக்கிட்டு நின்னாங்க, அது என்னன்னு எந்த வரியும் அவங்களுக்குச் சொல்லல. திருவேட்டக்குடிக்காரன் மொத ஆளா தோளைச் சாய்ச்சு, எதிர்ல படகு இருக்கிற மாதிரி ஐலசாவை எடுத்துக் குடுத்தான். எனக்கு அழுகை வந்துடுச்சு. முடிஞ்சதும் என் பக்கத்துல வந்து, “இப்பவும் கொஞ்சம் கமர்ஷியல்தான் புள்ள”ன்னு சொல்லிட்டுப் போனான்.

எங்க எதிர்வீட்டுக்காரங்க அம்மா தோளைத் தொட்டுக் கேட்டாங்க. “ஏங்க்கா, உங்க மவனுக்கு இந்தப் பாட்டை யாருங்க எழுதிக் குடுத்தது? வாயைக் கட்டு வயித்தைக் கட்டுன்னு, நம்ம வூட்டுப் பேச்சா இருக்கே? நல்லாருக்காக்கா, சொல்லுங்க?”

மவனைப் பத்தி ஒரு மணி நேரமா ஓயாமப் பேசின அம்மா, அதுக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லல. மெதுவா ரெண்டு அடி ஓரமாப் போச்சு. கையைக் கட்டிக்கிட்டு, மூஞ்சியைக் கடல் பக்கமாத் திருப்பிக்கிச்சு.